புகையின் வரலாறு – 9: ஈயம் தடுக்காத எஞ்சின்

வினையூக்கி மாற்றியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் காரில் தொடங்கிக் காரிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதை நமக்குப் பழகியதுதான். 1950களில் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் புகையைச் சுத்தம் செய்யும் கருவியை உருவாக்கினார். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் கருவிக்குள் இருந்த பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது, ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் கருவி ஏறியது. இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் இடையே கழிந்த இருபது ஆண்டுகளுக்கான பழி முழுவதும் ஈயத்தின் தலையில் விழுகிறது. அந்தப் பழி எவ்வளவு நியாயம் என்று சோதிக்க வரலாறே ஓர் ஒப்பீட்டை நம் கையில் தந்திருக்கிறது. அதே காலத்தில், அதே கலிஃபோர்னியாவில், ஈயத்தைக் கண்டே இராத எஞ்சின்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கிணறுகளிலும், பாசனத்துக்கு நீரிறைக்கும் பம்ப் கூடங்களிலும், எரிவாயுக் குழாய்வழியின் கம்ப்ரசர் நிலையங்களிலும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் ஊன்றி நின்ற நிலை எஞ்சின்கள் அவை. அவற்றில் பெரும்பாலானவை இயற்கை எரிவாயுவில் ஓடியவை, அந்த வாயுவில் ஈயம் கிடையாது. ஈயம்தான் தடை என்றால் வினையூக்கி முதலில் இவற்றில் அல்லவா ஏறியிருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. கார்களில் ஏறிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அது இவற்றுக்குப் பரவலாக வந்தது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதுதான் இந்தப் பகுதியின் கேள்வி. தாமதித்தது வேதியியல் அன்று. புகையை அளக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் தாமதித்தது என்பது என் வாதம். கருவி பொருத்தப்பட்ட பிறகும் அதே குறை வேறு வடிவில் தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பொறியாளர். யூஜின் ஹூட்ரி 1892இல் பாரிஸுக்கு அருகே டோமோனில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கி வண்டிப் படையில் இருந்து காயம்பட்டவர். கார்ப் பந்தயத்தில் ஆர்வம் கொண்ட அவர், நல்ல பெட்ரோலைத் தேடித்தான் வினையூக்கிகளின் பக்கம் வந்தார். கனமான எண்ணெய் மூலக்கூறுகளை வினையூக்கியால் உடைத்து உயர்தரப் பெட்ரோலாக்கும் அவருடைய முறை 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹுக்கில் சன் ஆயில் நிறுவனத்தின் ஆலையில் பெரிய அளவில் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கான எரிபொருளில் அந்த முறைக்கு முக்கியப் பங்கு உண்டு. அதாவது, எஞ்சினுக்குள் போகும் எரிபொருளை மேம்படுத்தியவரே பின்னாளில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையைப் பற்றியும் கவலைப்பட்டார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நகரப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் அவரை உறுத்தியது. ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கவனிக்க வேண்டியது, அவர் கருவியை முதலில் பொருத்த நினைத்த இடங்கள்: தொழிற்சாலைப் புகைபோக்கிகளும், ஈயமில்லாத மட்டரகப் பெட்ரோலில் ஓடிய கிடங்கு ஃபோர்க்லிஃப்ட்களும். மூடிய கிடங்குக்குள் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் வேலையாள் அங்கேயே மயங்கி விழுவார் என்பதால் அங்கே தேவை உடனடியாகத் தெரிந்தது. பீங்கான் தண்டுகளின் மேல் அலுமினாவும் பிளாட்டினமும் பூசிய அவருடைய அமைப்புக்கு 1956இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆக, வினையூக்கி மாற்றி காருக்குப் போவதற்கு முன்பே சாலைக்கு வெளியே வேலை செய்து காட்டியிருந்தது. 1962இல் ஹூட்ரி இறந்தபோது அவருடைய கருவி எந்தக் காரிலும் வழக்கமான பாகமாக இல்லை. ஈயமற்ற எரிவாயுவில் ஓடிய பம்ப் எஞ்சின்களிலும் இல்லை.

அந்த எஞ்சின்களால் என்ன பெரிய கேடு வந்துவிடும், லட்சக்கணக்கான கார்களுக்கு முன்னால் அவை எம்மாத்திரம் என்று கேட்கலாம். 1940களின் கேள்வியாக இருந்தால் அதில் பொருள் உண்டு. 1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸைக் கண்ணெரிச்சல் புகை மூடியபோது, அது எங்கிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. அலிசோ தெருவின் பியூட்டாடையீன் ஆலையைப் பழித்து மூடினார்கள், புகை தொடர்ந்தது. கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித்தான் 1950களின் தொடக்கத்தில் புதிரை அவிழ்த்தார். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனையும் மற்ற எரிச்சலூட்டிகளையும் உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அன்றிலிருந்து கேள்வி, எந்தக் குழாயிலிருந்து கரும்புகை வருகிறது என்பதாக இருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 குதிரைத்திறன் கொண்ட ஓர் எரிவாயு எஞ்சின், கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 10 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியிடுவதாக வைத்துக்கொள்ளலாம். அந்த வகை எஞ்சினுக்கு இது மிகையான எண் அன்று. நிற்காமல் ஓடினால் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அது சுமார் 44 டன். 1960களின் அமெரிக்கக் கார் மைலுக்கு ஏறத்தாழ 4 கிராம் வெளியிட்டது. ஆண்டுக்கு 10,000 மைல் ஓடினால் 40 கிலோ. அப்படியானால் கண்ணில் படாத ஒரு கூடத்துக்குள் ஓடும் ஒற்றை எஞ்சின் ஆயிரத்துச் சொச்சம் கார்களுக்குச் சமம். கார்களின் மொத்தம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் கார்களில் ஆயிரம் கருவிகளைப் பொருத்துவதைவிட ஓர் எஞ்சினில் ஒன்றைப் பொருத்துவது எளிது, மலிவு. அந்த எளிய வேலைதான் பிந்தியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஹூட்ரியின் கருவி கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் எரித்தது. நைட்ரஜன் ஆக்ஸைடைப் போக்கவில்லை. மூன்றையும் ஒரே அடுக்கில் போக்கும் மும்முனை வினையூக்கி 1970களில்தான் உருவானது. எங்கல்ஹார்ட் நிறுவனத்தில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் அதில் பெரும்பங்கு ஆற்றினார்கள். கார்னிங் நிறுவனத்தில் பேக்லி, லாக்மன், லூயிஸ் ஆகிய மூவரும் தேன்கூடு போன்ற கார்டியரைட் பீங்கான் கட்டியைத் தந்தார்கள். காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாகப் பிடித்துவைக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பாஷ் நிறுவனத்திடமிருந்து வந்து, 1977ஆம் ஆண்டு மாடல் வோல்வோ கார்களில் கலிஃபோர்னியச் சாலைக்கு இறங்கியது. இவை இல்லாமல் 1960களில் பம்ப் எஞ்சின்காரர் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் காரின் வேகம் நொடிக்கு நொடி மாறுகிறது, விகிதமும் கூடவே அலைபாய்கிறது. சென்சாரும் மின்னணுக் கட்டுப்பாடும் அங்கே தவிர்க்க முடியாதவை. பம்ப் எஞ்சின் ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரே சுமையில் மாதக்கணக்கில் ஓடுகிறது. விலையுயர்ந்த உலோகங்களின் மேல் இயற்கை எரிவாயுவைக் கலந்து நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகக் குறைக்கும் வழியும் புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் நைட்ரிக் அமில ஆலைகளின் புகைபோக்கிகளில் அதுவே வழக்கமான முறை. வேதியியல் பக்கத்து ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தது. அதைத் தன் எஞ்சினில் வைக்க வேண்டிய கட்டாயம் பம்ப் எஞ்சினின் உரிமையாளருக்கு இல்லை, அவ்வளவுதான்.

கட்டாயம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குக் கார்களின் கதையே சாட்சி சொல்கிறது. 1964இல் கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கார்த் தொழிலுக்கு வெளியே இருந்த நிறுவனங்கள் செய்த நான்கு கருவிகளுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றில் பெரும்பாலானவை வினையூக்கி வகை. மாநிலச் சட்டப்படி, அந்த ஒப்புதல் வந்ததும் 1966 மாடல் கார்களில் கட்டுப்பாடு கட்டாயமாகியது. அதுவரை முடியாது என்று சொல்லிவந்த கார் நிறுவனங்கள், எஞ்சினிலேயே மாற்றங்கள் செய்து அந்த வரம்பை எட்டிவிடுவதாக உடனே முன்வந்தன. எனவே அந்த நான்கு கருவிகளும் சந்தையைப் பார்க்கவே இல்லை. ஆனால் கருவி இருக்கிறது என்று தெரிந்ததுமே வரம்பு சாத்தியமானது, வரம்பு வந்ததுமே வழி பிறந்தது. 1970இன் தூய காற்றுச் சட்டம் இதையே நாடு முழுதுக்கும் செய்தது. ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்ஸைடும் 90 சதவீதம் குறைய வேண்டும் என்று எண்ணை முதலில் வைத்தது, தொழில்நுட்பம் பின்னால் வந்து சேர்ந்தது. ஈயம் பெட்ரோலிலிருந்து விலகத் தொடங்கியதற்கும் இந்த எண்ணே முதல் காரணங்களில் ஒன்று. வினையூக்கிக்காக ஈயத்தை எடுத்தார்கள். ஆகவே ஈயம் விலகும்வரை வினையூக்கி காத்திருந்தது என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவதாகும். வினையூக்கி கட்டாயமானது, அதனால் ஈயம் விலகியது.

நிலை எஞ்சின்களுக்கு அத்தகைய எண் வந்தது தெற்குக் கலிஃபோர்னியாவில்தான். 1970களின் பின்பாதியில் அமைக்கப்பட்ட தென் கடற்கரைக் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம், 1980களில் ஆரம்ப விதிகள் சிலவற்றை முயன்று பார்த்த பின், 1990 ஆகஸ்டில் விதி 1110.2ஐ நிறைவேற்றியது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின்கள் எல்லாம் அதன் வரம்புக்குள் வந்தன. உரிமையாளருக்கு விதி விட்ட வழிகள் தெளிவானவை: மாசை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும், அல்லது எஞ்சினைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அந்த இடத்தில் மின்மோட்டாரை வைக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடுக்குப் பெரும்பாலான எஞ்சின்களில் வரம்பு பத்து லட்சத்தில் 36 பங்கு என்று ஆனது. எரிவாயுவில் ஓடும் செறிவு-எரிப்பு எஞ்சின்களில் அதை எட்ட நடைமுறையில் ஒரே வழி மும்முனை வினையூக்கி. ஹூட்ரியின் காப்புரிமைக்குப் பிறகு 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம், பின்னால் வரும் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. செறிவு-எரிப்பு எஞ்சினில் எரிபொருள் முழுதும் எரியத் தேவையான காற்று மட்டுமே, பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவாகவே, உள்ளே போகிறது. புகையில் ஆக்ஸிஜன் அரை சதவீத அளவுக்கே மிஞ்சும், கூடவே கார்பன் மோனாக்ஸைடும் எரியாத வாயுவும் இருக்கும். நைட்ரஜன் ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ள அந்தக் கார்பன் மோனாக்ஸைடு தயாராக இருக்கிறது, ரோடியம் அதற்கு இடம் தருகிறது. முடிவில் நைட்ரஜனும் கார்பன் டையாக்ஸைடும் வெளியேறுகின்றன. ஆனால் காற்று இம்மி கூடினால் மிஞ்சிய ஆக்ஸிஜனே கார்பன் மோனாக்ஸைடை எல்லாம் தின்றுவிடும், நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க ஆள் இராது. எரிபொருள் இம்மி கூடினால் கார்பன் மோனாக்ஸைடு எரியாமல் வெளியேறும், நைட்ரஜன் ஆக்ஸைடின் ஒரு பகுதி அமோனியாவாகவே மாறிவிடும். இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே மூன்று மாசுகளும் சேர்ந்து குறையும் இடைவெளி, விகிதத்தில் ஒரு சதவீதம் என்ற அளவில்தான் இருக்கிறது. சென்சார் பழையதானால், எரிவாயுவின் தரம் மாறினால், பருவத்தோடு காற்றின் வெப்பம் மாறினால் எஞ்சின் அந்த இடைவெளியை விட்டு நழுவிவிடும். நழுவிய எஞ்சின் நன்றாகவே ஓடும், தண்ணீர் இறைக்கும். புகையில் நிறமும் மாற்றம் காட்டாது. தவறு நடக்கிறது என்று காதோ கண்ணோ ஆப்பரேட்டருக்குச் சொல்லாது. இதோடு வினையூக்கியின் சொந்த நோய்களும் உண்டு. எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் சாம்பலாகப் படிந்து துளைகளை அடைக்கும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் உலோகத்தின் மேல் ஒட்டும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் தவறினால் எரியாத வாயு முழுதும் வினையூக்கியிலேயே எரிந்து, உலோகத் துகள்கள் உருகித் திரண்டு, வினை நடக்க வேண்டிய பரப்பு சுருங்கிவிடும். எரிவாயு எஞ்சினுக்கு ஈயம் எதிரி அன்று, ஆனால் எதிரிகளுக்குப் பஞ்சமில்லை.

இத்தனை நுண்மையான ஒன்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளந்தார்கள்? விதியின் 1997 திருத்தத்துக்குப் பின் முழுமையான புகைச் சோதனை மூன்றாண்டுக்கு ஒருமுறை. சோதனை நாள் முன்கூட்டியே தெரியும். பொறியாளர் வருவார், சென்சாரைச் சரிபார்ப்பார், விகிதத்தை இடைவெளியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார், தேவையென்றால் வினையூக்கியைக் கழுவித் திரும்ப மாட்டுவார். எஞ்சின் தேறும். இன்ஸ்பெக்ஷன் தேதி தெரிந்த பள்ளிக்கூடம் அன்று சுத்தமாக இருப்பதைப் போலத்தான் அது. மாவட்ட அலுவலர்கள் சொல்லாமல் போய் அளந்தபோதுதான் சாதாரண நாள்களின் நிலை தெரிந்தது. பல எஞ்சின்கள் வரம்பை மீறிக்கொண்டிருந்தன, சில பல மடங்கு மீறிக்கொண்டிருந்தன. இது நேர்மையின்மையின் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நழுவுவது இந்தக் கருவியின் இயல்பு, நழுவியதைத் தெரிந்துகொள்ள ஆப்பரேட்டரின் கையில் எதுவும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பழைய விதி கார்பன் மோனாக்ஸைடுக்குப் பத்து லட்சத்தில் 2,000 பங்கு வரை இடம் விட்டிருந்தது. நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பைத் தாண்டிவிடுமோ என்று அஞ்சும் ஒருவர் எரிபொருளைச் சற்றுக் கூட்டிவைத்துப் பாதுகாப்பாக இருந்துகொள்ளலாம், அதன் விலையாக மற்றொரு நச்சு வெளியேறும். விதியே அதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

2008இல் விதி 1110.2 திருத்தப்பட்டதன் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது. திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் புதிய எண்களைச் சொல்வார்கள்: நைட்ரஜன் ஆக்ஸைடு 11, ஆவியாகும் கரிமப் பொருள்கள் 30, கார்பன் மோனாக்ஸைடு 250. எண்கள் கடுமையானவைதான். ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரிய மாற்றம் அளவை முறையில் நிகழ்ந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் எழுத்துப்பூர்வமான பரிசோதனை, கண்காணிப்புத் திட்டம் வேண்டும் என்றானது. கையில் எடுத்துச் செல்லும் புகை அளவியால் ஆப்பரேட்டரே அடிக்கடி அளந்து குறித்துவைக்க வேண்டும் என்றானது. மூன்றாண்டு இடைவெளி இரண்டாண்டாகக் குறைந்தது. பெரிய எஞ்சின்களில் புகையைத் தொடர்ந்து அளக்கும் கருவி கேட்கப்பட்டது. வினையூக்கி என்ற பெட்டிக்கும் சுத்தமான புகைக்கும் இடையே ஒரு மனிதர் குறிப்பேட்டோடு நிற்க வேண்டும் என்பதைச் சட்டம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. இதை 1990இலேயே கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் காகிதத்தில் குறைந்த அளவுக்குக் காற்றில் மாசு குறையவில்லை.

கூட்டரசின் விதி வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 2004இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிலை எஞ்சின்களின் நச்சுக் காற்றுப் பொருள்களுக்கு வரம்பு விதித்தபோது, அதன் கண் ஃபார்மால்டிஹைடின் மேல் இருந்தது. மீத்தேன் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் பொருள் அது, புற்றுநோயை உண்டாக்குவது. 500 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட செறிவு-எரிப்பு எஞ்சின்களில் அதை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது விதி. ஃபார்மால்டிஹைடை நாள்தோறும் அளப்பது செலவுமிக்க வேலை. ஆகவே விதியை எழுதியவர்கள் வினையூக்கியின் நாடியைப் பிடிக்கும் இரண்டு எளிய அளவுகளைத் தேர்ந்தார்கள். உள்ளே நுழையும் புகையின் வெப்பம் ஏறத்தாழ 400 முதல் 675 செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வினையூக்கியின் இருபக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு, முதல் சோதனையில் இருந்ததிலிருந்து இரண்டு அங்குல நீர்மட்டத்துக்கு மேல் விலகக் கூடாது. கூடினால் சாம்பல் அடைத்திருக்கிறது, குறைந்தால் பீங்கான் உடைந்து புகை குறுக்கு வழியில் போகிறது. வெப்பம் குறைந்தால் வினை நடக்காது, மிகுந்தால் உலோகம் திரளும். இரண்டு மானிகளும் ஒரு பதிவேடும் போதும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கருவி உயிரோடு இருக்கிறதா என்பதைச் சாதாரண நாளில், சாதாரணத் தொழிலாளி பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். விகிதம் நழுவினால் இந்த இரண்டு மானிகளும் அசையாமல் இருக்கலாம். எனவே அளவியால் புகையையே பார்க்கும் கலிஃபோர்னிய முறைக்கு இது மாற்றாகாது, துணையாகவே முடியும்.

இங்கே எஞ்சின் செய்பவர்களின் மறுப்பு வருகிறது. இவ்வளவு தொல்லை எதற்கு, காற்றை மிகுதியாகக் கலந்து குளிர்ச்சியாக எரித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு பிறக்கவே பிறக்காதே என்பது அவர்கள் வாதம். நீர்த்த-எரிப்பு எஞ்சின்கள் அந்த வாக்கைப் பெருமளவு காப்பாற்றின. வினையூக்கி இல்லாமலேயே குதிரைத்திறன்-மணிக்கு ஒரு கிராம், அதற்கும் கீழே என்று இறங்கின, எரிபொருளையும் மிச்சப்படுத்தின. இது உண்மையான சாதனை. ஆனால் குளிர்ந்த, நீர்த்த சுடர் சிலிண்டரின் ஓரங்களில் அணைந்துவிடுகிறது, எரியாத மீத்தேனும் ஃபார்மால்டிஹைடும் மிகுகின்றன. ஆகவே 2004இன் விதி இந்த எஞ்சின்களுக்கும் ஆக்ஸிஜனேற்ற வினையூக்கியையே கேட்டது. ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாளாகக் கார்பன் மோனாக்ஸைடை 93 சதவீதம் குறைக்கச் சொன்னது. மீத்தேனோ அந்த வினையூக்கிக்கும் எளிதில் மசிவதில்லை. ஹைட்ரோகார்பன்களில் உடைக்கக் கடினமானது அது. பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டையாக்ஸைடைவிடப் பல மடங்கு வலியது. ஒரு மாசைப் பிறவியிலேயே தடுத்த வழி மற்றொன்றைப் பெருக்கியது. மேலும் இறங்க வேண்டும் என்றால், ஆக்ஸிஜன் மிகுந்த இந்தப் புகையில் மும்முனை வினையூக்கி நைட்ரஜன் ஆக்ஸைடைத் தொடாது. யூரியாவோ அமோனியாவோ தெளித்துக் குறைக்கும் வேறொரு வினையூக்கி தேவை. ஆக, நீர்த்த-எரிப்பு வினையூக்கியை வழியனுப்பிவைக்கவில்லை, வேறு வினையூக்கியை வரவழைத்தது.

இதைவிடக் கனமான மறுப்பு கழிவுநீர் நிலையங்களிலிருந்து வந்தது. அவர்களுடைய எஞ்சின்கள் சாணவாயுவைப் போன்ற செரிமான வாயுவில் ஓடுபவை. ஷாம்புவிலும் அழகுசாதனங்களிலும் இருக்கும் சிலோக்ஸேன்கள் சாக்கடை வழியாக அந்த வாயுவில் கலந்துவிடுகின்றன. எஞ்சினுக்குள் எரிந்ததும் அவை மணல்தூளான சிலிக்காவாகி வினையூக்கியை மூடிவிடும். 11 என்ற எண்ணை எங்களிடம் கேட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு வாயுவை வீணாய்க் கொளுத்த வேண்டியதுதான், அதில் காற்றுக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். இது சாக்குப்போக்கு அன்று, உண்மையான இடர்ப்பாடு. அதற்கான விடையும் சோதித்துப் பார்த்துத்தான் கிடைத்தது. ஆரஞ்சு கவுண்டி கழிவுநீர் மாவட்டம் ஃபவுண்டன் வேலியில் உள்ள தன் நிலையத்தில் ஓர் எஞ்சினைச் சோதனைக்கு ஒதுக்கியது. வாயுவை முதலில் கரிப்படுகையில் வடிகட்டி, பிறகு ஆக்ஸிஜனேற்ற வினையூக்கியையும் யூரியா வழியையும் அடுத்தடுத்து வைத்து ஓட்டியது. வரம்பை எட்ட முடியும் என்று தெரிந்தது. ஆனால் வாயுவில் சிலோக்ஸேன் வடிகட்டியைத் தாண்டுகிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் முடியும் என்பதும் கூடவே தெரிந்தது. செரிமான வாயு எஞ்சின்களுக்கான கெடு இதையொட்டிப் பின்தள்ளப்பட்டது. அந்தக் கால நீட்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நியாயமான இடர்ப்பாட்டுக்கு அவகாசம் தருவதும், அந்த அவகாசத்தில் அளந்து முடிவு சொல்லச் சொல்வதும் விதியைத் தளர்த்துவதாகாது.

மின்மோட்டாரை வைத்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்று கேட்பவர்களுக்கு 1990இன் விதியே அந்த வழியைத் திறந்து வைத்தது. பம்ப் எஞ்சின்கள் பல அப்படித்தான் போயின, அது நல்லதே. மின்கம்பி நம்பகமாக வந்து சேரும் இடத்தில் நீரிறைக்க எஞ்சின் எதற்கு? ஆனால் மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய எஞ்சினுக்கு மின்மோட்டார் பதிலாகாது. நம்மூர் இந்த வரலாற்றுக்குள் வருவதும் இந்த வாசல் வழியாகத்தான்.

இந்தியாவில் நிலை எஞ்சின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டீசல் ஜெனரேட்டர். 2012இன் மின்வெட்டுக் காலத்தில் கோயம்புத்தூர், திருப்பூர் பகுதிகளின் ஆலைகளும் பட்டறைகளும் மருத்துவமனைகளும் நாளில் பல மணி நேரம் அதன் தயவில்தான் ஓடின. அந்த எஞ்சின்களின் புகைக்கு நம் விதிகள் வெகுகாலம் முக்கியமாகக் கேட்டது குழாயின் உயரம். கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 100 கேவிஏ என்றால் மாடிக்கு மேல் இரண்டு மீட்டர். புகையைக் குறைக்காமல் உயரத்தில் விட்டுப் பரப்பும் ஏற்பாடு அது. எஞ்சினுக்கான மாசு வரம்புகள் 2000களில் வந்தன, 2014 ஏப்ரலில் இறுகின. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நான்காம் கட்ட விதிகள்தான் வினையூக்கியைத் தவிர்க்க முடியாததாக்கின. 56 முதல் 560 கிலோவாட் வரையான எஞ்சின்களுக்கு நைட்ரஜன் ஆக்ஸைடு கிலோவாட்-மணிக்கு 0.40 கிராம், துகள்கள் 0.02 கிராம். 75 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றில் துகள் வரம்பு முன்பிருந்ததில் பத்தில் ஒன்று. டீசலில் இந்த எண்களை எட்ட யூரியா தெளிக்கும் வினையூக்கியும் துகள் வடிகட்டியும்தான் நடைமுறை வழி.

ஆனால் இந்த வரம்பு எங்கே அளக்கப்படுகிறது? புதிய எஞ்சின் மாதிரிக்கு ஆய்வகத்தில் ஒப்புதல், பிறகு ஆலையிலிருந்து வெளிவரும் எஞ்சின்கள் அந்த மாதிரியோடு ஒத்திருக்கின்றனவா என்ற சோதனை. இரண்டும் தேவை, இரண்டும் எஞ்சின் புதிதாக இருக்கும்போது நடப்பவை. அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஐந்தாண்டு ஓடிய ஜெனரேட்டரில் யூரியாத் தொட்டி காலியா, வினையூக்கியைக் கந்தகம் மூடியிருக்கிறதா, வடிகட்டியைக் கழற்றிவிட்டார்களா என்று பார்க்க ஆளை அனுப்புவது எளிதன்று என்பார்கள், அனுப்ப இவ்வளவு ஜெனரேட்டர்களா என்றும் கேட்பார்கள். உண்மைதான், எல்லாவற்றையும் ஓர் அலுவலகத்தால் அளக்க முடியாது. தெற்குக் கலிஃபோர்னியாவாலும் முடியவில்லை. அதனால்தான் அது அளவியை ஆப்பரேட்டரின் கையில் கொடுத்து, பதிவேட்டைக் கட்டாயமாக்கி, அவ்வப்போது சொல்லாமல் போய்ப் பார்த்தது. இங்கேயும் தொடங்க வேண்டிய இடம் அதுவே. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் ஜெனரேட்டர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் புகையின் வெப்பத்தையும் அழுத்த வேறுபாட்டையும் குறிக்க இரண்டு மானிகள் போதும். பெரிய எஞ்சின்களுக்கு ஆண்டில் சிலமுறை அளவி வைத்துப் பார்க்கலாம். புதிய எஞ்சினுக்கு எழுதிய வரம்பில் செலவிட்ட அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டால், தெற்குக் கலிஃபோர்னியா பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு நாம் அவ்வளவு காத்திராமல் வந்துவிட முடியும்.

டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் அமோனியா வழி அமெரிக்கக் காப்புரிமையாக 1957இல் பிறந்தாலும், 1970களின் ஜப்பானிய மின்நிலையங்களில்தான் தொழிலாக வளர்ந்தது. அடுத்த பகுதி அங்கிருந்து தொடங்கும்.